ஆலயக் கார் ஏன் இன்னும் பளபளப்பா இல்லை? உங்க காசுக்குக் கணக்கும், துருவுக்குக் காரணமும்

 

போன ரெண்டு வெள்ளிக்கிழமையும் பூஜை முடிஞ்சு பிரசாதம் வாங்குற இடத்துல ஒரே கேள்விதான். "காருக்குப் பெயிண்ட் அடிக்கத்தானே காசு கொடுத்தோம்? இன்னும் அதே பழைய கலர்ல நிக்குதே, காசு எங்கே போச்சு?" கேட்டதுல தப்பே இல்லை. சாமி பேரைச் சொல்லி வாங்கின காசு. ஒரு வெள்ளியா இருந்தாலும் கணக்கு சொல்லணும். வாட்ஸ்ஆப்பில் நாலு வரியில எழுதினா அது வேற மாதிரி போயிடும். அதனால இங்கேயே கொஞ்சம் நீளமா எழுதுறோம். பொறுமையா படிங்க. வீட்டுல பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு இது உபயோகமாவும் இருக்கும்.

முதல்ல, இந்தக் கார் என்ன செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு. நம்ம ஆலயத்துக்கு வர்ற வயசானவங்க நிறைய பேர் ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்கள்ல வாழ்ந்தவங்க. பிள்ளைங்க சிங்கப்பூர், ஜொகூர், கோலாலம்பூர்னு வேலைக்குப் போயிட்டாங்க. சிலர் இன்னும் பழைய லயத்து வீட்டுல இருக்காங்க, சிலர் தாமான் வீட்டுல தனியா இருக்காங்க. சாயங்காலப் பூஜை முடிஞ்சு திரும்பிப் போக பஸ்ஸை நம்ப முடியாது. அதனால வெள்ளிக்கிழமையும் விசேஷ நாள்லயும் இந்தக் கார் ரெண்டு மூணு தடவை போய் அவங்களை ஏத்திக்கிட்டு வரும். மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்கும் அவங்களைக் கூட்டிட்டுப் போறது இதே கார்தான். மத்த நாள்ல அரிசி மூட்டை, தேங்காய், பால், பூ எல்லாம் இதுலதான் வரும். வெளியூருக்குக் குடி போன ஒரு குடும்பம் ஆலயத்துக்குத் தானமாக் கொடுத்த கார். 27 வயசு. எந்தக் கம்பெனி கார்னு சொல்லத் தேவையில்லை. இந்த வயசுல எந்தக் கம்பெனி காரும் இப்படித்தான் இருக்கும்.

பழைய கார்னா நம்ம ஆளுங்களுக்கு ஏன் இவ்வளவு பாசம்னு இளம் பிள்ளைங்க கேக்குறாங்க. 1985 ஜூலை 9-ஆம் தேதி புரோட்டோன் சாகா வந்துச்சு. மிட்சுபிஷி லான்சர் பியோரேவை அடிப்படையா வெச்சு செஞ்ச நாட்டின் முதல் தேசியக் கார். சாகாங்கிறது ஒரு மரத்தோட சிவப்பு விதை. நம்ம தமிழ்ல ஆனைக்குன்றிமணின்னு சொல்றோமே, அதுதான். அதுக்கு முன்னாடி தோட்டத்துல கார்னா மேனேஜருக்கும் கிராணிக்கும்தான், நம்ம ஆளுங்களுக்கு சைக்கிள்தான். சாகா வந்த பிறகு, பால் வெட்டின கையும் காசு சேர்த்து முதல் தவணை கட்டி கார் சாவி வாங்குச்சு. அந்தக் காரை வாசல்ல நிறுத்தி எலுமிச்சம்பழம் வெச்சுப் பூஜை போட்டதை நாங்க பார்த்திருக்கோம். அதனாலதான் பழைய காரை "இரும்புக்குப் போட்டுடுங்க"ன்னு சொன்னா நம்ம பெரியவங்களுக்கு முகம் மாறும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பெயிண்ட் அடிக்கணும்னு எல்லாரும் சொன்னதுக்குக் காரணம், கதவுக்குக் கீழேயும் பின்சக்கரத்து வளைவுலயும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா வந்திருந்துச்சு. வெளியில தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா மழை நாள்ல முன்சீட்டுல உட்கார்ந்த ஒரு பெரியம்மா, "தம்பி, செருப்பைக் கழட்டி வெச்சா கால் ஈரமாகுதுப்பா"ன்னு சொன்னாங்க. காலையில காரைத் திறந்தா கண்ணாடி உள்பக்கமா பனி பிடிச்ச மாதிரி இருக்கும். ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை வேற.

எங்க குழுவுல பாதிப் பேர் தொழிற்சாலை ஆளுங்க. மெஷின் கீழே எண்ணெய் தேங்கினா துணியால துடைச்சுட்டுப் போக முடியாது, எங்கேயிருந்து ஒழுகுதுன்னு தேடணும். அது எங்க தினசரி வேலை. காருக்கும் அதேதான். பெயிண்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரோட உள்பக்கத்தைக் கழட்டினோம். சீட்டு, கார்ப்பெட், கதவு உள் அட்டை, பூட்ல இருக்கிற ஸ்பேர் டயர் எல்லாம் வெளியே எடுத்தோம். கார்ப்பெட்டுக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு மெத்தை இருக்கும். அதைப் பிழிஞ்சா வாளியில தண்ணி ஊத்துச்சு. மழை பெஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு.

பிறகு ஒருத்தர் டார்ச் லைட்டோட உள்ளே உட்கார்ந்தார். இன்னொருத்தர் வெளியில ஹோஸ் பிடிச்சார். காரு மேல எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல தண்ணி அடிச்சா ஒண்ணும் தெரியாது. கீழேயிருந்து ஆரம்பிக்கணும். முதல்ல கதவு அடிப்பக்கம், பிறகு கண்ணாடி ஓரம், கடைசியா கூரை. ஒவ்வொரு இடத்துக்கும் அஞ்சு நிமிஷம் விட்டு, உள்ளே இருக்கிறவர் சொன்ன பிறகுதான் அடுத்த இடம். தண்ணி ஓடுற தடம் தெரியறதுக்கு உள்பக்கத் தகரத்துல குழந்தைப் பவுடர் தூவி வெச்சோம். (பக்கத்துல விபூதி டப்பாதான் இருந்துச்சு, அதைத் தூவ யாருக்கும் மனசு வரல.) பவுடர் மேல தண்ணி கோடு போட்டுக் காட்டிடுச்சு.

நாலு இடம் கிடைச்சது.

ஒண்ணு, வைப்பருக்குக் கீழே இருக்கிற குழி. முன் கண்ணாடியில விழுற மழைத்தண்ணி எல்லாம் அங்கே இறங்கி, ரெண்டு ஓரத்துத் துவாரம் வழியா தரைக்குப் போகணும். நம்ம கார் நிக்கிறது அரசமரத்தடியில. இலையும் மண்ணும் சேர்ந்து துவாரம் அடைபட்டு, குழி தொட்டியாகி, நிரம்பின தண்ணி உள்ளே வழிஞ்சிருக்கு.

ரெண்டு, முன் கண்ணாடியைச் சுத்தி இருக்கிற ரப்பர். வெயில்ல காய்ஞ்சு கட்டியாகி வெடிச்சிருந்துச்சு. அந்த ரப்பருக்கு அடியில சட்டத்துல துரு.

மூணு, ஏர்கோன் தண்ணி வெளியே போற சின்னக் குழாய். அது அடைச்சா தண்ணி முன்சீட்டுப் பயணி கால் பக்கம் இறங்கும். மழையே இல்லாத நாள்லயும் கார்ப்பெட் நனைஞ்சா முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

நாலு, பின் விளக்கைச் சுத்தி இருக்கிற ரப்பரும் பூட் ரப்பரும். ஸ்பேர் டயர் வைக்கிற குழியில தண்ணி தேங்கிக் கிடந்துச்சு. அதோட அபிஷேகப் பாலும் இளநீரும் சிந்தின கறை வேற. அப்படிப்பட்ட தண்ணியில உப்புச்சத்து இருக்கும், துருவுக்கு அது விருந்து மாதிரி.

இப்ப துரு எப்படி வருதுன்னு ரெண்டு வார்த்தை. இரும்பு, தண்ணி, காத்துல இருக்கிற பிராணவாயு, இந்த மூணும் சேர்ந்தா துரு. உப்பு இருந்தா வேகம் கூடும். அதனால கிளேபாங், தஞ்சோங் கிளிங் மாதிரி கடலோரம் இருக்கிறவங்க காரோட அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணியில கழுவணும். இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு பருத்துப் போகும். அதனாலதான் பெயிண்ட் கொப்புளமா எழும்புது. கொப்புளம் வெளியே தெரியும்போது துரு பெரும்பாலும் உள்பக்கத்துலேர்ந்து தின்னுக்கிட்டு வந்திருக்கும். அதுக்கு மேல பட்டி பூசி கலர் அடிச்சா கொஞ்ச மாசம் அழகா இருக்கும், உள்ளே துரு தின்னுக்கிட்டேதான் இருக்கும்.

நம்ம மலாக்காவுல வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. காத்துல ஈரம் எப்பவும் உண்டு. மழையை நாம நிறுத்த முடியாது. ஆனா மழை பட்ட இடமெல்லாம் துரு பிடிக்கிறதில்லை, கவனிச்சுப் பாருங்க. கூரை மேலதான் அதிகமா மழை விழுது, நம்ம கார்ல கூரை நல்லா இருக்கு. துரு பிடிச்சது எல்லாம் தண்ணி வந்து போக வழி இல்லாம தங்கின இடம்.

டெல்லியில குதுப் மினார் வளாகத்துல ஒரு இரும்புத் தூண் இருக்கு. சுமார் 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல எடை. குப்தர் காலத்துல செஞ்சது, ஏறக்குறைய 1,600 வருஷமா மழையிலும் வெயிலிலும் நிக்குது. வெளியில தெரியிற பகுதி பெரிசா துருப்பிடிக்கல. அந்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம், அதனால மேலே மெல்லிசா ஒரு காப்புப் படலம் உண்டாயிருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. மழை முடிஞ்சதும் அது காய்ஞ்சும் போயிடுது. ஆனா அதே தூண்ல மண்ணுக்கு உள்ளே ஈரத்துல இருந்த பகுதியைப் பார்த்தப்ப, அங்கே துரு அரிச்சிருந்துச்சு. ஒரே தூண், ஒரே இரும்பு. காய்ஞ்ச இடம் பிழைச்சது, ஈரம் தங்கின இடம் அரிச்சது. 1,600 வருஷத்துத் தூணுக்கே அப்படின்னா, நம்ம காரோட மெல்லிய தகரம் எம்மாத்திரம்?

சரி, காருக்குள்ள என்ன பார்த்தோம்னு சொல்றோம். இதுதான் முக்கியம்.

கார்ப்பெட்டை எடுத்த பிறகு தரைத் தகரத்தை ஸ்குரூடிரைவர் பின்பக்கத்தால தட்டிக்கிட்டே வந்தோம். நல்ல தகரம் 'டங்'குன்னு சத்தம் கொடுக்கும். கெட்ட இடம் அட்டையைத் தட்டின மாதிரி மந்தமா இருக்கும். முன்பக்கம் பயணி கால் வைக்கிற இடத்துல ஸ்குரூடிரைவர் உள்ளே போயிடுச்சு. தரையில் இருந்த சிமெண்ட் தெரிஞ்சது. இன்னொரு இடம், பின்சீட்டுக்கு முன்னால, சீட் பெல்ட் போல்ட் மாட்டியிருக்கிற தகரத்துக்கு நாலு விரல் தள்ளி. அங்கே முன்னாடி எப்பவோ யாரோ பட்டி பூசி, மேல தார் மாதிரி அண்டர்கோட் அடிச்சு மறைச்சிருந்தாங்க. யார் செஞ்சாங்கன்னு தேடிப் பிரயோஜனம் இல்லை. ஆனா அந்த சீட்டுல உட்கார்றது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. 80 வயசுப் பெரியம்மாங்க. கார் எதுலயாவது மோதினா அவங்களைப் பிடிச்சு நிறுத்த வேண்டியது அந்த ஒரு போல்ட். அது மாட்டியிருக்கிற தகரத்தைத்தான் துரு நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. அதோட, தரையில ஓட்டை இருந்தா சைலன்சர் புகையும் உள்ளே வரும்.

அன்னைக்கு அங்கேயே உட்கார்ந்து பேசினோம். ஒரு தம்பி சொன்னார், "அண்ணே, திருவிழாவுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. இப்ப பெயிண்ட் அடிச்சுடலாம், உள் வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். கொடுத்தவங்க பெயிண்டைத்தானே பார்ப்பாங்க?" அவர் சொன்னதும் நியாயம்தான். அதுக்கு ஒரு பெரியவர், "கோபுரத்துல அரசங்கன்று முளைச்சிருக்கு. வேரை எடுக்காம வர்ணம் பூசி கும்பாபிஷேகம் பண்ணுவியா?"ன்னு கேட்டார். அதுக்கு மேல யாரும் பேசல.

பெயிண்டுக்குன்னு வாங்கின காசை வேற வேலைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி, பேர் எழுதிக் கொடுத்த எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டோம். எல்லாரும் சரின்னு சொன்னாங்க. தகர டப்பாவுல போட்டவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. இந்தப் பதிவு முக்கியமா அவங்களுக்குத்தான்.

கணக்கு இதோ.

வசூல்: 2,400 வெள்ளி.
தரையில ரெண்டு இடம் வெட்டி எடுத்து புதுத் தகரம் வெச்சு வெல்டிங்: 780 வெள்ளி.
முன் கண்ணாடி ரப்பர், கழட்டி மாட்டின கூலி, சட்டத்துத் துரு வேலை: 340 வெள்ளி.
நாலு கதவு ரப்பர், பூட் ரப்பர், பின் விளக்கு ரப்பர்: 265 வெள்ளி.
துரு மாத்துற மருந்து, ப்ரைமர், சீலர், மணல் தாள், பிரஷ்: 190 வெள்ளி.
கார்ப்பெட் அடி மெத்தை: 120 வெள்ளி.
மொத்தச் செலவு: 1,695 வெள்ளி.
மீதி: 705 வெள்ளி. ஆலயப் பொருளாளர் கையில் இருக்கு. ரசீது எல்லாம் அலுவலக அலமாரியில், யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

வெல்டிங் வேலையைப் பட்டறையில கொடுத்துச் செஞ்சோம். அதை வீட்டுல யாரும் முயற்சி பண்ணாதீங்க. காருக்கு அடியில பெட்ரோல் குழாய் ஓடுது, பேட்டரியைக் கழட்டணும், அனுபவம் வேணும். மத்த வேலையெல்லாம் தொண்டர்கள் கையாலேயே செஞ்சது. மேலோட்டமான துருவை கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, துரு மாத்துற மருந்து பூசினோம். அது துருவைக் கருப்பாக்கி நிறுத்தும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா கருப்பாகும்னு நம்ம பாட்டிங்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட அதே சங்கதிதான். காய்ஞ்ச பிறகு ப்ரைமர், அதுக்கு மேல கலர். வெல்டிங் ஓரம் எல்லாம் சீலர். கலர் வெளிப்பக்கத்தோட ஒத்துப் போகல, அதனாலதான் கார் இப்ப ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியுது. ஆனா போன வாரம் கொட்டின மழையில கார்ப்பெட் ஒரு சொட்டு நனையல. அந்தப் பெரியம்மா செருப்பைக் கழட்டிட்டு நிம்மதியா உட்கார்ந்து வந்தாங்க.

உங்க காருக்கும் இதைச் செய்யுங்க. பத்து வயசு தாண்டின கார்னா கட்டாயம். மாசம் ஒரு தடவை வைப்பர் குழியில இருக்கிற இலையைக் கையால அள்ளுங்க. கதவைத் திறந்து அடி ஓரத்தைப் பாருங்க, ரெண்டு மூணு சின்னத் துவாரம் இருக்கும். கதவுக்குள்ள இறங்குற தண்ணி அது வழியாத்தான் வெளியே போகணும். மெல்லிய குச்சியால சுத்தம் பண்ணுங்க. தண்ணி ஒழுகுதேன்னு அந்தத் துவாரத்தை சிலிக்கன் வெச்சு அடைச்சுடாதீங்க, கதவு உள்ளேயே அழுகிப் போகும். பூட்ல ஸ்பேர் டயரைத் தூக்கிப் பாருங்க. ரப்பர் காலடி விரிப்பைத் தூக்கி கார்ப்பெட்டைக் கையால அழுத்திப் பாருங்க. ஈரம் இருந்தா வெயில்ல கதவைத் திறந்து வெச்சு முழுசா காய வைங்க, ஆனா எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம விடாதீங்க. துரு மேல நேரா அண்டர்கோட் அடிக்காதீங்க, ஈரம் அதுக்குள்ள மாட்டிக்கும். நகத்தால கிள்ள வேண்டியதைக் கோடாலியால வெட்டுற மாதிரி ஆயிடும்.

ஞாபகம் இருக்கும், 2009 அக்டோபர்ல அரசாங்கம் புது வாகனக் கொள்கையில, 15 வயசான வாகனங்களை சோதிச்ச பிறகுதான் ரோட் டேக்ஸ் புதுப்பிக்கணும்னு அறிவிச்சுது. ஏழைங்க காரைப் பிடுங்குறாங்கன்னு நாடு முழுக்க எதிர்ப்பு. கொஞ்ச நாள்லயே அதைக் கைவிட்டாங்க. அன்னைக்கு நாங்களும் சந்தோஷப்பட்டவங்கதான், பழைய காரை நம்பி வாழுறவங்க நிறைய பேர். ஆனா யாரும் வந்து சோதிக்கலைன்னா, சோதிக்கிற பொறுப்பு நம்ம தலையிலதான்.

இன்னொண்ணும் வெளிப்படையா சொல்லிடுறோம். இந்தக் காரை எவ்வளவு நாள் ஓட்டுவோம்னு சிலர் கேட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கார்ப்பெட்டைத் தூக்கி, தட்டிப் பார்ப்போம்னு குழுவுல முடிவு பண்ணியிருக்கோம். தரைத் தகரத்தை மாத்தலாம். ஆனா அடிச்சட்டத்துலயோ, முன்சக்கரத்து அப்சார்பர் மேலே மாட்டுற இடத்துலயோ, சீட் பெல்ட் மாட்டுற இடத்துலயோ துரு ஏறிடுச்சுன்னா, அன்னைக்கே நிறுத்திடுவோம். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைச்சு, மரியாதையா அனுப்பி வைப்போம். தானம் கொடுத்த குடும்பத்துக்கும் இதைச் சொல்லிட்டோம். "ஆளைக் காப்பாத்துற வரைக்கும்தான் கார்"னு அவங்களே சொன்னாங்க.

பெயிண்ட் திருவிழாவுக்கு அப்புறம்தான். கையில இருக்கிற 705 வெள்ளியோட இன்னும் கொஞ்சம் சேரணும். அவசரம் இல்லை, ரெண்டு மழைக்காலம் தாண்டி உள்ளே காய்ஞ்சே இருக்குதான்னு பார்த்துட்டு அடிச்சா அந்தக் காசு நிக்கும். இந்தத் திருவிழாவுக்கு ஆலயக் கார் ஒட்டுப் போட்ட சட்டையோடதான் வரும். தயவுசெய்து யாரும் வெட்கப்படாதீங்க.

வர்ற சனிக்கிழமை காலையில 8 மணிக்கு ஆலய வாகன நிறுத்துமிடத்துல கோத்தோங் ரோயோங். வழக்கமான துப்புரவு வேலை முடிஞ்சதும், யாருக்கு வேணுமோ அவங்க காரையும் பார்த்துக் கொடுக்கிறோம். காசு வேண்டாம். ஒரு டார்ச் லைட், ரெண்டு பழைய துண்டு, குழந்தைப் பவுடர் கொண்டு வாங்க. ஹோஸ் ஆலயத்துல இருக்கு. காலைப் பசியாறலுக்கு இட்லியும் தேத்தண்ணியும் உண்டு.

வயசானவங்களை வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வரணும்னா வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆலய அலுவலகத்துல சொல்லிடுங்க. முன்சீட்டு இப்ப காய்ஞ்சு இருக்கு.

எல்லாரும் பத்திரமா வந்து, பத்திரமா வீடு போய்ச் சேர முருகன் துணை.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் குழு, மலாக்கா